பீரோ மேல் ஒரு கண்ணாடி

மார்ச் 3

காலையில் கண்ணாடி தலைமாட்டில் இல்லை. கட்டிலுக்கு அடியில் துழாவினேன். ஒற்றைச் செருப்புதான் அகப்பட்டது. வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருப்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. நேற்று அவர் அண்ணனைப் பற்றி நான் வாயை விட்டது இன்னும் ஆறவில்லை போல.

"என்ன தேடுற?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"கேட்டாத்தானே தெரியும்."

கையை நீட்டிக்கொண்டு கேட்டேன். நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "சும்மா விளையாட்டுக்குடி," என்றார்.

சண்டை இல்லாத நாட்களில் அவரே துடைத்துக் கொண்டுவந்து தருவார். அதை ஒருமுறை பார்த்துவிட்டு நாத்தனார் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்: "அண்ணியை அண்ணன் எப்படித் தாங்குறார் தெரியுமா?" தாங்குகிறார்தான். கீழே விழ வேண்டுமா வேண்டாமா என்பதையும் அவரே முடிவு செய்கிறார்.

மார்ச் 9

பரிசோதனைக் கூடத்தில் இன்று ஐம்பது தண்ணீர் மாதிரிகள். என் கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் இரண்டிலும் ஆவி படிந்துவிடுகிறது. குடிக்கும் தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று ஊருக்கே சொல்கிறவள், குடுவையில் போட்ட கோட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசைக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. போன வருடம் கண்ணில் லேசர் செய்துகொண்டவள். "அக்கா, அன்னிக்கு வறண்ட கண்ணுன்னு உங்கள வேணாம்னு அனுப்பிச்சாங்கல்ல, அது பழைய முறை. இப்போ கருவிழிய மூடி மாதிரி வெட்டித் திறக்கறதே இல்ல. ஒருதரம் போய்க் காட்டுங்களேன். சோடாபுட்டியை விட்டுப் பிரிய மனசில்லையா?"

பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்றால் அழுவேன். இவள் சொன்னால் சிரிப்பு வருகிறது.

மார்ச் 16

கண் மருத்துவர் என்னைவிடச் சின்னவர். என் கருவிழியின் படத்தைத் திரையில் காட்டினார், மேடு பள்ளமெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக. தடிமன் போதுமாம். பவரும் பல வருடமாக மைனஸ் ஏழிலேயே நிற்கிறது.

லேசர், கருவிழியை மேலே கிழிக்காமல் அதன் உள்ளேயே மெல்லிய வில்லை ஒன்றை வரைந்துவிடுமாம். ஓரத்தில் சின்னத் துளை போட்டு அந்த வில்லையை உருவி எடுத்துவிடுவார்கள். வறட்சி பழைய முறையைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்குமாம். "உங்களுக்குக் கொஞ்சம் வறண்ட கண்ணுதான். ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். மருந்து விடணும், பொறுக்கணும்," என்றார். பிறகு, "படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். அது வயசு பண்ற வேலை. இந்த லேசர் அதைத் தடுக்காது."

நேராகப் பேசுகிற ஆள். பிடித்துவிட்டது. நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 17

வீட்டில் சொன்னேன்.

அவர்: "கண்ணுல போய் விளையாடணுமா? நான் இருக்கேன்ல எடுத்துக் குடுக்க?"

அம்மா, போனில்: "கண்ணாடியோடதானே அவர் உன்னைக் கட்டிக்கிட்டார். இப்ப என்ன வந்துச்சு?"

நாத்தனார்: "எப்படியும் படிக்கக் கண்ணாடி போடணுமாம். அப்புறம் இது எதுக்கு அண்ணி?"

"அந்தக் கண்ணாடிய எங்க வெச்சாலும் என் கண்ணுக்கே தெரியுமே. அதுக்குத்தான்," என்றேன்.

நாத்தனாருக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 24

பயமாக இருக்கிறது. இதையாவது இங்கே எழுதிவிடுகிறேன், வெளியே காட்டப்போவதில்லை.

"ஏதாவது ஆயிட்டா உன்னை யார் பாத்துக்குவா?" என்று கேட்டார் இன்று. அக்கறையா, மிரட்டலா? இத்தனை வருடம் கூட இருந்தும் குரலை வைத்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் கலந்தேதான் இருக்குமோ?

நான் இதைச் செய்வது பார்வைக்காகவா, அவர் மேலுள்ள கோபத்துக்காகவா? இரண்டுக்கும்தான். இருக்கட்டுமே! கோபம் வந்தால் ஒரு நல்ல காரியம் செய்யக் கூடாதா என்ன?

ஏப்ரல் 2

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதுகிறேன். மருத்துவர் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். கேட்க மாட்டேன். இன்று நடந்தது இன்றே எழுதப்பட வேண்டும்.

விடிந்ததும் தலைமாட்டில் கையை வைத்தேன். கண்ணாடி இல்லை. இன்றைக்குமா! இன்றைக்குப் போயா!

கூடத்தில் செய்தித்தாள் சலசலத்தது. அவர் மூக்கு நுனியில் படிக்கிற கண்ணாடி இருந்திருக்கும். எனக்குத் தெரிந்தது மங்கலாக ஒரு வெள்ளைச் சதுரமும் அதன் மேல் ஒரு தலையும்தான். காத்திருந்தார். நான் போய் நின்று கையை நீட்ட வேண்டும். தருவார். தந்துவிட்டு, "இன்னொரு தரம் யோசி," என்பார்.

கேட்கவில்லை.

தடவிப் பார்த்தே குளித்தேன். தடவிப் பார்த்தே உடுத்தினேன், தலை வாரினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் அவர் எழுந்தார்.

"கேட்டா குடுக்கப்போறேன். அவ்வளவு வீம்பா உனக்கு?"

"ஆமா. வீம்புதான்."

ரேடியோ டாக்ஸியோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். "அக்கா, கண்ணாடி எங்க? சட்டைய வேற உள்பக்கம் வெளியில போட்டிருக்கீங்க!" சிரிக்க ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வழியெல்லாம் என் கையை விடவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ரேடியோ!

அங்கே சொட்டு மருந்து விட்டார்கள், கண் மரத்தது. இமையைச் சின்னக் கம்பியால் விரித்து வைத்தார்கள். மேலே பச்சை விளக்கு. "அதையே பாருங்க. அசையாதீங்க." ஏதோ கண்ணை அழுத்திக் கவ்வியது. பச்சை கலைந்து, மங்கி, கிட்டத்தட்ட மறைந்தே போனது. அந்த நேரத்தில் மனதுக்குள் என்ன ஓடியது? சாமியை நினைக்கவில்லை. பீரோவை நினைத்தேன். அசையவில்லை.

ஏப்ரல் 3

பழக்கத்தில் கை தலைமாட்டுக்குப் போனது. பாதியில் நின்றது.

மின்விசிறிக்கு மூன்று இறக்கைகள். ஓரமெல்லாம் அழுக்கு, எவ்வளவு அழுக்கு! எல்லாவற்றின் மேலும் லேசாகப் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல்; நாலைந்து நாளில் தெளியுமாம். ஆனால் தெரிகிறது. படுத்தபடியே பீரோவைப் பார்த்தேன். மேல் விளிம்பில் என் கண்ணாடியின் காதுக்கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

எடுக்கவில்லை. வைத்தவர் எடுக்கட்டும்.

ஏப்ரல் 5

"ஏதோ கோபத்துல வெச்சுட்டேன்," என்றார்.

"தெரியும்," என்றேன்.

வேறு ஏதாவது சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார்.

ஏப்ரல் 21

எல்லாம் பிரமாதம் என்று எழுதினால் பொய். கண் மணல் போட்ட மாதிரி உறுத்துகிறது. இருட்டிய பிறகு தெருவிளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம். மருந்துச் சீட்டைப் படிக்க முடியாமல் கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன், விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் சிரிக்கிறாள், "அம்மா, கை பத்தாது உனக்கு, வேணும்னா நான் தெருக்கோடில போய்ப் பிடிச்சுக்கட்டுமா?"

படிக்கிற கண்ணாடி மூன்று வாங்கிவிட்டேன். சமையலறையில் ஒன்று, கைப்பையில் ஒன்று, வேலை இடத்தில் ஒன்று. எது எங்கே என்று எனக்குத் தெரியும்.

இப்போது குடுவையில் கோட்டைத் தடவ வேண்டியதில்லை.

மே 11

பழைய கண்ணாடி இன்னும் பீரோ மேலேயே இருக்கிறது. தூசி படிந்துவிட்டது. நானும் தொடவில்லை, அவரும் தொடவில்லை. மகள் துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைக்கிறாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை.

காலையில் அவர் கூடத்தில் செய்தித்தாளைப் புரட்டுவதும் மடிப்பதுமாக இருந்தார். நாற்காலியின் இடுக்கில் கையை விட்டார். மேசையைத் தடவினார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அவருடைய படிக்கிற கண்ணாடி ஜன்னல் திட்டில், திரை ஓரத்தில் பாதி மறைந்து, தங்க விளிம்பு மின்னிக்கொண்டு கிடந்தது. அங்கிருந்தே தெரிந்தது எனக்கு.

"என் கண்ணாடியப் பாத்தியா?" கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் எடுத்துத் தருவேனா என்று தெரியாமல், உள்ளங்கையை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கை எனக்கு நன்றாகத் தெரியும். அது என் கை.

"என்ன தேடுறீங்க?" என்று கேட்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

போய் எடுத்தேன். முந்தானையில் துடைத்தேன். கையில் வைத்தேன், உடனே.

அவர் போட்டுக்கொள்ளவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் பீரோவுக்கு முன்னால் போட்டு அதன் மேல் ஏறினார்.