உன் படகில் மிஞ்சிய ஒரு சுவிட்சு

மச்சான்,

இன்று காலை என் சட்டையைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கமே கொண்டுபோக விடவில்லை என் மனைவி. டீசலும் உப்புத்தண்ணீரும் கலந்த அந்த வாடை உனக்குத் தெரியாததா? “வெளிய தனியா ஊற வைங்க. முடிஞ்சா நீங்களும் கூட ஊறுங்க” என்றாள். வாளியில் சட்டையை அமுக்கிக்கொண்டிருந்தபோது நீ பக்கத்தில் குந்தியிருப்பது போலவே இருந்தது. நாலு வருடம் உன் மேல் அடித்த வாடை இப்போது என் மேல் அடிக்கிறது. எப்படி வந்தது என்று சொல்கிறேன், கேள்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் படகு மாசாய் பக்கத்துத் துறையில் கட்டியபடியே கிடந்தது. உன் விமலா அந்தத் திசைக்கே போகவில்லை. விற்றுவிடுங்கள் என்று சாவியை என்னிடம் கொடுத்தாள். நானா விற்பவன்? நாளைக்கு, நாளைக்கு என்று நாளை ஓட்டினேன். போன மாதம் அடைமழை. துறையைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர் பாக் மான் போனில் கத்தினார்: “அண்ணே, போட் மாசுக் ஆயர் லா!” படகுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம். நான் கிளம்ப, விமலாவும் வந்து காரில் ஏறிக்கொண்டாள்.

ஸ்கூடாய்ச் சாலை நெரிசலில் கார் நகராமல் நின்றபோது கேட்டாள். “அண்ணே, மழுப்பாம சொல்லுங்க. என்கிட்டருந்து தப்பிக்கத்தானே அவரு அந்தப் போட்ட வாங்கினாரு?”

நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். அவள் குறைத்தாள்.

எல்லாம் உன் வாயால் வந்தது. அந்தக் குளுவாங் கல்யாணப் பந்தியில், ஞாயிறானால் எங்கே ஓடுகிறாய் என்று எல்லாரும் உன்னைக் குடைந்தபோது, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாயே, “அங்க போன் லைன் கிடைக்காது மச்சான். அதான் சொர்க்கம்!” பந்தியே சிரித்தது. இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த விமலாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அவள் தொண்டையைவிட்டு இறங்கவில்லை என்பது எனக்குக் காரில்தான் தெரிந்தது.

“ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போனாரு. நடுத்தண்ணியில எனக்கு அவசரம். போட்டுல கக்கூசு இல்ல. கரை வர்ற வரைக்கும் உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன்! இறங்கினதும் கக்கூசு இல்லாத போட்டுக்கு எதுக்குப் பொண்டாட்டின்னு நல்லா ஏசிட்டேன். அதுக்கப்புறம் கூப்பிடவே இல்லண்ணே. விட்டதுடா சனியன்னு இருந்திருப்பாரு.”

ஊரில் யார் வீட்டுக் கதை கேட்டாலும் என்னிடம் ஸ்டாக் உண்டு. இது ஒன்றுதான் என்னிடம் இல்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் நண்டு கிடைத்ததா என்றுதான் கேட்டேன். மனதில் என்ன என்று கேட்கவே இல்லை. “அப்படியெல்லாம் இல்ல, தங்கச்சி” என்றேன். எனக்கே நம்பிக்கை வராத குரல் அது.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது துறைக்கே தெரியும்; தரையிலேயே மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினேன். உள்ளே கணுக்கால் வரை தண்ணீர். செத்துப்போயிருந்த பேட்டரிக்குப் பதிலாகப் பாக் மான் தன் படகிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்து மாட்டினார். தண்ணீரை இறைக்கும் பம்ப் எந்த சுவிட்சு என்று பார்த்தால், ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு வரிசை சுவிட்சு, ஒன்றின் மேலும் எழுத்து இல்லை. எப்படி இருக்கும்? ஆயுத பூஜைக்கு ஒன்றுவிடாமல் சந்தனம் குழைத்து அப்பினாய். அது காய்ந்து பிடித்துக்கொண்டதும் பெயிண்ட் தின்னர் ஊற்றித் தேய்த்தாய். சந்தனத்தோடு எழுத்தும் போயிற்று. “பரவால்லடா, என் விரலுக்குத் தெரியும்” என்றாய். விரலை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய், எங்கள் கதி?

முதலில் தட்டியது ஹார்ன். துறை ஓரம் தூண்டில் போட்டிருந்த பெரியவர் தூண்டிலையே தண்ணீரில் விட்டுவிட்டு என் பரம்பரையை விசாரித்தார். அடுத்தது கண்ணாடியைத் துடைத்தது. அடுத்தது சிவப்பும் பச்சையுமாக விளக்கைப் போட்டது. “அண்ணே, படகு முழுகுது, நீங்க தீபாவளி கொண்டாடுறீங்க!” என்றாள் விமலா. அதற்கடுத்ததில் படகின் விலாவிலிருந்து கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்தது பார், அவள் கை தட்டினாள். நான் மூச்சுவிட்டேன்.

ஒரு சுவிட்சு மிஞ்சியது. தட்டினேன். முன்பக்கம் எங்கோ உறுமியது. வெளியே ஒரு சொட்டும் வரவில்லை. “இது வேற பம்ப்பு” என்றார் பாக் மான், அரைத் தமிழில். சத்தத்தைத் தேடி இருவரும் குனிந்து போனோம். நீ வலையைச் சுருட்டிப் போடும் அந்த முன்னறைக்குப் புதுக் கதவு. திறந்தால், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத வெள்ளை வெளேர் கழிப்பறைக் கோப்பை! கழுவ ஒரு குழாய், ஒரு சிவப்புக் குவளை, சுவரில் ஒரு கண்ணாடி.

எனக்கு அப்போதும் சந்தேகம். வயசான காலத்தில் நீ உனக்காக வைத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? முதலில் நுழைந்து கண்ணாடியைப் பார்த்தேன். என் கழுத்தும் மிதவைச் சட்டையும்தான் தெரிந்தன. என்னைவிட உயரமான நீ நன்றாகக் குனிந்தால்தான் அதில் முகம் பார்க்க முடியும். நான் நகர்ந்ததும், எங்கள் பின்னால் படகில் ஏறியிருந்த விமலா வந்து நின்றாள். குனியவில்லை, எக்கவில்லை. முகம் முழுசாக அதற்குள் இருந்தது.

சிவப்புக் குவளையை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “மனுசன் ஒரு வார்த்த சொன்னாரா பாருங்கண்ணே!” அவ்வளவுதான். காரில் கேட்டதை அவள் மறுபடி கேட்கவில்லை. திரும்பும்போது ரேடியோவை அவளே கூட்டி வைத்தாள். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது, மச்சான்.

படகை விற்கவில்லை. நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போனோம். வசதி இருப்பதைக் கேள்விப்பட்டு என் மனைவியும் ஏறிவிட்டாள். ஸ்டீயரிங் பாக் மானுக்கு. சுவிட்சு இலாகா எனக்கு. கரை மறைந்ததும் விமலா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் உன் வேலையின் லட்சணம் புரிந்தது. தண்ணீர் விடும் சுவிட்சு உள்ளே இல்லையே, வெளியே என் முழங்கைக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது!

“அண்ணே, போடுங்க!” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நீ உட்கார்ந்து செய்வதற்கென்று வைத்திருந்த வேலை அது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, மரியாதையாகப் போட்டேன்.