ஏழாவது ஃப்ரெட்டில் செத்துப் பிழைத்த ஒலி

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு உன் கிட்டார் மறுபடியும் ஒலித்தது. நான் அதன் பக்கத்தில்கூட இல்லை. கதிர்காமத்து வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கடல்காற்று திரும்பி, ஜன்னல் திரை ஒருமுறை உள்ளே ஊதி அடங்கியது. சுவரில் மாட்டியிருந்த உன் கிட்டாரின் மூன்றாவது கம்பி 'டிங்' என்றது, யாரோ நகத்தால் சுண்டியதுபோல. கூடவே கிராம்பு வாசனை. எந்நேரமும் கடைவாயில் ஒன்றை அடக்கி வைத்திருப்பாயே, அதே வாசனை. அந்தக் கிட்டார் என் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடம் ஒரு மரத்தில் கிராம்பு வாசனை தங்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

பயந்தேனா என்று கேட்பாய். பயந்தேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனால் மற்ற நாட்களைப்போல எழுந்து வாசலுக்குப் போய் நிற்கவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வருவேன். நேராக ஒரு பதில் சொல்லத் தெரியாதவன் என்று என்னை நீதான் திட்டுவாய்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நீ பிளாஸ்டிக் கம்பெனி, நான் அட்டைப்பெட்டி கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் இருந்த டீக்கடையில்தான் நமக்குப் பழக்கம். அந்தக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றில், பிரான்சிலிருந்து திரும்பி வந்த ஒருவர் கையாலேயே எலக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருந்தார். ஊரே அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி முசியே, அதாவது ஐயா, என்றது, நாமும் அப்படியே கூப்பிட்டோம். இங்கே அவர் செய்து முடித்தது மூன்றே மூன்று. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, வீட்டில் பிரெஞ்சு பேசும் நம் நண்பன் ரெனேவுக்கு ஒன்று. பிறகு அவர் மகளோடு இருக்க மறுபடியும் பிரான்சுக்கே போய்விட்டார். கடையில் வாங்கியது என்றால் ஊரில் இன்னும் நாலு பேரிடம் இருக்கும். இதுபோல இன்னொன்று உலகத்திலேயே இல்லை என்று நாம் மூவரும் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சநஞ்சமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் ரெனே வீட்டு மாடியில் கூடுவோம். வாசிப்பதைவிட வாய்ச்சண்டைதான் அதிகம். ரெனேவின் வெள்ளைக் கிட்டாரை நீ கல்யாண கேக் என்பாய். என் மஞ்சள் கிட்டாருக்கு நீ வைத்த பெயர் காமாலை. பழிக்குப் பழியாக உன் கரும்பச்சையை நான் பீரோ கலர் என்றேன். அப்போது நீ அதை வெயிலில் சாய்த்துப் பிடித்துக் காட்டினாய்.

"பாசி புடிச்ச கொளத்துத் தண்ணி மச்சான் இது. உத்துப் பாரு, உள்ள எதனா அசையும்."

உற்றுப் பார்த்தேன். வார்னிஷுக்கு அடியில் மரத்தின் ரேகை ஒன்று மெதுவாகத் திரும்பியது. வெயில் பட்டதால் வரும் மாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ கையை அசைத்து முடித்த பிறகும் அது கொஞ்சம் அசைந்தது.

ஒலியிலும் மூன்றும் மூன்று ஜாதி. ரெனேவுடையது கண்ணாடி டம்ளரைத் தட்டியதுபோலச் சுத்தமாகக் கேட்கும். என்னுடையது நன்றாகக் கத்தும், அவ்வளவுதான். உன்னுடையதை நீ எப்போதும் அரைச் சுரம் இறக்கித்தான் சுருதி சேர்ப்பாய். அது நிதானமாக, அடித்தொண்டையில் பேசும். அதில் ஒரு வினோதம் இருந்தது. மூன்றாவது கம்பியைக் கழுத்தின் ஏழாவது கட்டில், அதாவது ஏழாவது ஃப்ரெட்டில், அழுத்தி மீட்டினால் ஒலி பட்டென்று செத்துவிடும். சரி, போய்விட்டது என்று நினைத்துக் கையை எடுக்கப் போகும்போது, ஒரு கணம் கழித்து, மேலே எங்கிருந்தோ மெல்லிசாகத் திரும்பி வரும். செத்துப் பிழைக்குது பார் என்று ரெனே சிரிப்பான். நீ சிரிக்க மாட்டாய். திரும்பி வரும் அந்த ஒலி முழுதாக அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாய்.

அப்போதுதான் ரெனே அந்த இணையதளத்தைக் கண்டுபிடித்தான். கையால் செய்த கிட்டார் வைத்திருப்பவர்கள் உலகம் முழுவதும் இருந்து அதன் தோற்றம் எப்படி, ஒலி எப்படி என்று எழுதும் இடம். பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு படிப்போம். நாமும் எழுதுவது என்று முடிவானது. தன் கிட்டாரைப் பற்றித் தானே எழுதினால் புளுகாகத்தான் இருக்கும் என்று நீதான் சட்டம் போட்டாய். ஒருவர் கிட்டாரைப் பற்றி இன்னொருவர் எழுத வேண்டும். என்னுடையதை ரெனே, ரெனேவுடையதை நீ. உன்னுடையது என் பங்குக்கு வந்தது. உனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம். என் காதைத்தான் நம்புவதாக டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

ரெனே காரைக்காலுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த வாரம், உன் கிட்டாரில் கம்பி அதிர்ந்து இரைகிறது என்று நாம் இருவரும் அதன் கழுத்தைக் கழற்றினோம். பின்பக்கம் நாலு திருகாணி. கழுத்து உடலோடு சேரும் குழிக்குள், வெறும் மரத்தில், முசியேவின் கையெழுத்தில் பென்சிலால் இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் இருந்தன. 'சான் ஆம்.' நான் பத்தாவது வரை பிரெஞ்சு படித்தவன். எதற்காகப் படித்தேன்? தமிழைவிட மார்க் அதிகம் போடுவார்கள் என்பதற்காக. அந்த மார்க்கின் திமிர் அன்று எனக்கு வந்தது. 'சான்' என்றால் இல்லாமல், 'ஆம்' என்றால் ஆத்மா, ஆத்மா இல்லாதது என்று உனக்கு அர்த்தம் சொன்னேன்.

நீ குழியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஆம்னா ஆமான்னு நெனச்சேன் மச்சான்," என்றாய்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாளே போய் அந்தத் தளத்தில் எழுதிவிட்டேன். தோற்றத்துக்கு முழு மதிப்பெண், ஒலியைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது, செய்தவரே ஆத்மா இல்லை என்று உள்ளே எழுதி வைத்துவிட்டார், இது பிணத்துக்குப் பவுடர் போட்ட கதை என்று. எந்தெந்த நாட்டுக்காரர்களோ சிரித்துப் பதில் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உண்மையை இப்போது சொல்கிறேன். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ மாடியில் வாசித்தபோது என் கையில் மயிர் சிலிர்த்தது. வீட்டுக்கு வந்து என் மஞ்சளை எடுத்து மீட்டினேன், தகரம் தட்டியதுபோல இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பென்சில் எழுத்து கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன். என் காது கேட்டதை மறைக்க அது வசதியாக இருந்தது.

நீ படித்துவிட்டுக் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். டீக்கடையில் வந்து நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"அவுரு எழுதனத உடு மச்சான். நீ கேட்டல்ல, உன் காதுக்கு எப்பிடி இருந்துச்சி? அத சொல்லு."

டீ ஆறுது, குடி என்றேன். அதற்குப் பிறகு மாடியில் நீ பாட்டு எதுவும் வாசிக்கவில்லை. அந்த ஏழாவது ஃப்ரெட்டை மட்டும் மீட்டுவாய், காத்திருப்பாய், அடங்கியதும் மறுபடியும் மீட்டுவாய். ரெனே எரிச்சலில் கீழே போய்விடுவான். என்னடா பண்ணுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். அது போய்விட்டு வருகிறது, நடுவில் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை என்றாய். சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவன் குரலில் சொன்னாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல், அதன் பிறகு நிஜமான மஞ்சள் காமாலை. என் கிட்டாருக்கு வைத்த பெயர் உனக்கே வந்ததை நினைத்து நான் தனியாக அழுதிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் நாலு மணி. தினமும் கம்பெனியில் சொல்லிவிட்டு வருவேன். நாலு அடிக்கும்போதே உன் கண் கதவில் இருக்கும். கடைசியாகப் பார்த்த அன்று உன் கண்ணின் வெள்ளை என் கிட்டார் நிறத்தில் இருந்தது.

"கிட்டாரு வீட்ல சும்மா கெடக்குது. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், நீ எடுத்து வச்சிக்க. நல்லா கேளு. கேட்டுட்டு சொல்லு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று வெட்கம், சொன்னால் நீ சாகப்போகிறாய் என்று ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிடுமோ என்று பயம். நாளைக்குச் சொல்றேன் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் நாலு மணிக்கு நான் போனபோது உன் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து உன் அண்ணன் கிட்டாரைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். சுவரில் மாட்டிச் சரியான சுருதியில் சேர்த்து வைத்தேன். மறுநாள் சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஆறு கம்பியும் அரைச் சுரம் இறங்கி, உன் சுருதியில் நின்றது. ஏற்றினேன், மறுநாளும் இறங்கியது. ஒரு வாரத்தில் அந்த 'டிங்' ஆரம்பித்தது. தினமும் இல்லை. ஆனால் ஒலித்தால் நாலு மணிக்குத்தான்.

என் மனைவியை உனக்குத் தெரியும், பேய் பிசாசுக்கெல்லாம் மசிகிறவள் இல்லை. முதலில் பல்லி என்றாள். பிறகு ஒருநாள் அரிசி களைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அவருகிட்ட எதனா சொல்லாம உட்டுட்டீங்களா?"

களைந்த தண்ணீரை வாங்கிக் கொல்லையில் ஊற்றினேன். அந்தத் தளத்தில் எழுதியதையாவது மாற்றிவிடலாம் என்று பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தளத்தையே மூடிவிட்டார்கள். வெள்ளைத் திரைக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ரெனே வந்தான். வெட்கத்தை விட்டு அவனிடம் எல்லாம் சொன்னேன், அந்தப் பென்சில் எழுத்து உட்பட. தளத்தில் நான் எழுதியதை வெறும் கிண்டல் என்றே அதுவரை அவன் நினைத்திருந்தான். 'சான் ஆம்' என்றதும் அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கிட்டார் கழுத்து வளையாமல் இருக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி புதைப்பார்களாம். அந்தக் காலத்து பிரெஞ்சுத் தச்சர்களும் கொல்லர்களும் எதற்குள்ளும் ஓடும் கம்பியை 'ஆம்' என்றுதான் சொல்வார்களாம், முசியேவும் அப்படித்தான் பேசுவாராம். உன் கிட்டாருக்கு அந்தக் கம்பி போடவில்லை, பின்னால் யாராவது பழுது பார்த்தால் தேடக் கூடாது என்று குறித்து வைத்திருக்கிறார். அவ்வளவுதான். "கம்பி இல்லன்னு எழுதியிருக்காருடா, நூத்துக்குத் தொண்ணூறு வாங்குனவனே," என்றான் ரெனே. நம் ஊரில் பிறந்து, மார்க்குக்காகப் பிரெஞ்சு படித்த ஒரு மடையன்தான் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியும்.

மற்றதற்கும் அவனிடம் காரணம் இருந்தது. இரும்பு இல்லாத கழுத்து, நாலு மணிக்குக் கடல்காற்று ஈரத்தோடு வந்ததும் இளகிக் கொடுக்கிறது, சுருதி இறங்குகிறது, கழுத்து நுனிப் பள்ளத்தில் சிக்கிய தந்தி நழுவும்போது 'டிங்' என்கிறது. இப்போதுகூடக் கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைக்கலாம், சத்தம் நின்றுவிடும் என்றான். பார்ப்போம் என்று இருவரும் கழுத்தைக் கழற்றினோம். நாலு திருகாணியில் ஒன்றின் தலை தேய்ந்திருந்தது, கத்தி முனையால் திருகியதுபோல. நாம் கழற்றிய அன்று நான் சரியான ஸ்க்ரூடிரைவர்தான் கொண்டுவந்தேன். அப்படியானால் நான் எழுதியதைப் படித்த பிறகு, நீ தனியாக ஒருமுறை திறந்திருக்கிறாய்.

குழிக்குள் பார்த்தேன். 'சான்' என்ற சொல்லின் மேல் நீலப் பால்பாயின்ட் பேனாவால் ஒரே ஒரு கோடு. மரம் பள்ளமாகும் அளவுக்கு அழுத்திப் போட்ட கோடு. இல்லாமல் என்பதை மட்டும் அடித்துவிட்டாய். மிச்சமிருந்தது 'ஆம்'.

இரும்புக் கம்பி வைக்க வேண்டாம் என்றேன் ரெனேவிடம். திருகாணிகளை மாட்டி, நானே அரைச் சுரம் இறக்கி, உன் சுருதியில் சேர்த்துச் சுவரில் மாட்டினேன். ஐந்து நாள் ஒரு சத்தமும் இல்லை. ஏற்கனவே இறக்கி வைத்ததை இனி எது இறக்கும், இனிமேல் ஒலிக்காது என்று ரெனே போனில் சொன்னான். எனக்கு நிம்மதிக்குப் பதில் ஏமாற்றமாக இருந்தது.

இன்று நாலு மணிக்கு ஒலித்தது. ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து போய், சுவரின் எதிரே நின்றேன். அடுப்படியில் என் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள், அவள் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"நல்லா இருக்குடா. என்னுதவிட நல்லா இருக்கு. அன்னைக்கே தெரியும்."

பிறகு கிட்டாரை இறக்கி மடியில் வைத்து, மூன்றாவது கம்பியை ஏழாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினேன். பட்டென்று செத்தது. உன்னைப்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். இவ்வளவு நேரம் அது வெளியே போய் இருந்ததே இல்லை. தெருவில் ஒரு சைக்கிள் போனது, பால்காரர் மணி அடித்தார், கிராம்பு வாசனை ஏறியது. நான் கையை எடுக்கவில்லை. பிறகு திரும்பி வந்தது.