ஆளுக்கு இரண்டு மாத்திரை

03.06.2024, திங்கள்
நாமக்கல்லில் பயிற்சி முடிந்தது. காசநோயாளிகள் ஆறு மாதமும் விடாமல் மாத்திரை போடுகிறார்களா என்று வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டிய தன்னார்வலர் நான், இன்றிலிருந்து. பயிற்சி கொடுத்த சேலத்து நான்சி மேடம், “மொதல்ல அவங்கள நம்புங்க” என்றார். ஏலக்காய் மென்று பீடி நாற்றத்தை மறைத்த மனுஷனோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். நம்பவேண்டுமாம்!

08.06, சனி
எனக்குக் கொடுத்த நோயாளி ஜீவானந்தம். லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். எடை ஐம்பத்தொன்று, தினம் நான்கு மாத்திரை. மனைவி சரிதா ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. மகள் நிலா அங்கேதான் படிக்கிறாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சரிதா இருமினாள். “நீயும் சளி டெஸ்டுக்குக் குடுத்துரு சாமி” என்றேன். “தாளிச்ச நெடிங்க்கா” என்றாள். விடுவேனா? “மறைச்சு வெச்சுப் பின்னால தெரிஞ்சா, விடுதியில ஒரு நாள் வெச்சிருக்க மாட்டாங்க பாத்துக்க” என்றேன். மிரட்டினால்தான் வழிக்கு வருவார்கள்.

22.06, சனி
சரிதா, “டெஸ்ட் பண்ணிட்டனுங்க்கா, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க” என்றாள். நல்லது, ஒரு கவலை விட்டது.

ஜீவானந்தம் தீர்ந்த மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வைத்திருக்கிறார். ஒன்றுகூடக் குறையவில்லை. அதுதான் இடிக்கிறது. சாக்கடையில் பிதுக்கிப் போட்டாலும் அட்டை காலியாகத்தானே இருக்கும்?

06.07, சனி
எடை ஐம்பது. ஏறவேண்டியது ஒரு கிலோ இறங்கியிருக்கிறது. ஏமாற்றுகிறார், சந்தேகமே இல்லை.

மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று பயிற்சியில் சொன்னார்கள். பாட்டிலில் பிடித்துக் காட்டச் சொன்னேன். “நீங்க என்ன போலீசுங்களா?” என்றார். ஆனாலும் கொண்டுவந்து வைத்தார். ஆரஞ்சுதான். யாருடையதோ, யார் கண்டது?

12.07, வெள்ளி
சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் உள்ளங்கையில் இரண்டு மாத்திரை. அவள் உள்ளங்கையில் இரண்டு.

கத்திவிட்டேன் — ஏன் இப்படிப் பண்ணுனீங்க, பாதி பாதி தின்னா ரெண்டு பேருக்கும் மருந்தே கேக்காமப் போயிருமே, அப்பறம் என்ன பண்ணுவீங்க — என்னென்னவோ கத்தினேன்.

சரிதா டெஸ்டுக்கே போகவில்லை. “வேலைய உட்டு எடுத்துருவாங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க” என்றாள். “நிலா படிப்பு என்னாகறதுங்க்கா?”

ஜீவானந்தம் தலையைத் தூக்கவில்லை. “அவ ஒரு மாசமா இருமறாளுங்க. நான் மட்டும் எப்படிங்க திங்கறது?”

அட்டையை எண்ணினேன், பாட்டிலைப் பார்த்தேன். இவளிடம் டெஸ்ட் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேனா? இல்லை. வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

19.07, வெள்ளி
சரிதாவுக்கு இருக்கிறது. நிலாவுக்கு இல்லை. ஜீவானந்தத்தின் சளியில் கிருமி இன்னும் போகவில்லை. மருந்து கேட்குமா என்று பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்.

27.07, சனி
மருந்து கேட்கிறதாம்! இரண்டு பேருக்குமே. அவரவருக்குத் தனி அட்டை, முழு அளவு.

நான்சி மேடம் விடுதிக்குப் போய்ப் பேசினார். சரிதாவுக்கு இரண்டு மாதம் விடுப்பு, வேலை அப்படியே இருக்கும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்களாம். இதை ஜூன் மாதமே நான் போய்க் கேட்டிருக்கலாம்.

10.08, சனி
அவர் எடை ஐம்பத்திரண்டு.

சரிதா தனக்கு வேறு தன்னார்வலர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மாற்றும் படிவத்தை நான்சி மேடம் என்னிடமே கொடுத்து நிரப்பச் சொன்னார். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘நோயாளியின் விருப்பம்’ என்று எழுதினேன். அப்புறம் அதை அடித்துவிட்டு, ‘என்னைக் கண்டு பயம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.