நூறு வரைக்கும்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுறது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன், எனக்கெல்லாம் ஒரு கேடும் வராது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமா இருக்கணும். அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, அதான் போன்ல பேசலன்னு மூணு வாரமா சொன்னேன்ல, அது பொய்.

இங்க நிலைமை உனக்குத் தெரியும். டீசல் இல்ல, பாதி பஸ் ஓடல, டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருக்கிற என்னை வர்றவன் போறவன்லாம் ஏசுறான். ஒருத்தன் கம்பி வழியா துப்பினான், துடைச்சுட்டு சொல்லுங்க சார்னேன். அங்க வாலை ஆட்டிட்டு வீட்டுக்கு வந்து குரைக்கிறவன் உங்கப்பன், நீ சின்ன வயசுலேருந்து பார்த்ததுதானே. நீதான் பெரிய மேதாவி, அம்மாவுக்குப் போன்லயே வைத்தியம் சொன்னே, அப்பா கத்தினா எதிர்த்துப் பேசாத, மூச்சை இழுத்து விட்டு மனசுக்குள்ள நூறு வரைக்கும் எண்ணு, அமைதியாயிடலாம்னு. அவளும் விரலை மடக்கி மடக்கி எண்ணினா. நூறு முடிஞ்சதும் எழுந்து போய் சாப்பாடு எடுத்து வைப்பா. எனக்கு அதுல இன்னும் எரியும், பதில் சொல்லாதவளைத் திட்டி என்ன ருசி.

அன்னைக்கு சாயங்காலம் என் கண்ணாடியைக் காணோம். அவ அடுப்படியில சுவத்துல சாஞ்சு உக்காந்து பீன்ஸ் நறுக்கிட்டிருந்தா. எங்கடி வச்சேன்னு ஆரம்பிச்சேன், பதில் இல்ல. எண்ணுறா போலிருக்குன்னு நினைச்சேன். எண்ணு, ஆயிரம் வரைக்கும் எண்ணுன்னு கத்தினேன், உன்னையும் சேர்த்துத்தான் திட்டினேன். அரை மணி நேரம்மா. அவ காலடியில அரிவாள்மணை சாஞ்சு கிடந்திருக்கு, வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கு, அதைப் பார்க்க எனக்குத்தான் கண்ணாடி இல்லையே. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சத்தம் தாங்காம எட்டிப் பார்த்து ஐயோன்னு அலறினதுக்கு அப்புறம்தான் குனிஞ்சு பார்த்தேன். கண்ணாடி என் சாப்பாட்டுப் பையில இருந்துச்சு.

அரை மணி நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு டாக்டர் மூஞ்சிக்கு நேரா கேட்டார். என் பொண்ணு சொல்லிக் குடுத்த அமைதியைப் பார்த்துட்டிருந்தேன்னு சொல்லவா? பழியை முழுக்க உன் மேலதான் போட்டேன், இப்பவும் பாதியை இறக்க மனசு வரல. கோவிச்சுக்கோ, எனக்கென்ன.

வலது கையும் காலும் வராது, பேச்சு போச்சு, ஆள் தெரியுது. நான் இப்போ கத்துறதில்ல. திருந்திட்டேன்னு நினைக்காத, பயம். நேத்து மருந்து டம்ளர் கை தவறி விழுந்துச்சு, பழக்க தோஷம், சேன்னு குரல் ஏறிடுச்சு. உடனே போர்வை மேல இடது கை விரலை மடக்க ஆரம்பிச்சுட்டா. அஞ்சு மடக்கி, விரிச்சு, மறுபடி ரெண்டு. ஏழுல நின்னுடுறா. அப்புறம் என்னன்னு தெரியாம திரும்ப ஒண்ணுலேருந்து வர்றா. பக்கத்துல உக்காந்து மெதுவா எட்டுன்னு சொன்னேன். என் குரல் கேட்டதும் இன்னும் வேகமா மடக்குறா.

நீங்க மூணு பேரும் நோய் நொடியில்லாம இருங்க. குழந்தைகிட்ட குரலை உயர்த்தாத, உன் உடம்புல ஓடுறது என் ரத்தம். லீவு கிடைக்கலன்னு சொல்லாம சீக்கிரம் வா. எட்டை நீதான் சொல்லணும், நான் சொன்னா அவளுக்கு ஏறாது.

இப்படிக்கு,
உன் அப்பா