கறுப்புத் தூளும் தலையணை உறையும்

ஜனவரி 9, வியாழன்

மகள் ஹேட்டி பெட்டியோடு வந்தாள். ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்கு நான்கு ஆணி. மூன்று வாரத்தில் இது ஒரு பொம்மை வண்டியாக வேண்டும். பிப்ரவரி ஒன்று, சர்ச் கீழ்த்தளத்தில், சாரணர் இயக்கத்துச் சின்னப் பிள்ளைகளான குருளையர் படையின் பந்தயம்; சரிவுப் பாதையில் வண்டி தானாக உருள வேண்டும்.

சாப்பிடும்போது ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "இந்த வருஷமும் நடுவுல நின்னுச்சுன்னா நான் குருளையர்லேர்ந்து விலகிடுவேன்." சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு கேட்டாள். எட்டு வயது.

போன வருஷம் அவள் வண்டி பாதிப் பாதையில் நின்றபோது ஹால் மொத்தமும் "அச்சோ" என்றது. படைத்தலைவர் லாயிட் குசெரா விரலால் தள்ளிக் கோட்டைத் தாண்ட வைத்தார். தோற்றதைக்கூட மறந்துவிட்டாள். அந்த "அச்சோ"வை மறக்கவில்லை.

ஏன் நின்றது என்று இந்த வீட்டில் பேசுவதில்லை. என் கணவன் கர்ட் டிராக்டர் மெக்கானிக்.

ஜனவரி 12, ஞாயிறு

பேசிவிட்டோம்.

நான் வாங்கிவைத்த கிராஃபைட் தூளைப் பார்த்துவிட்டு, கர்ட் இஞ்சின் ஆயில் டப்பாவோடு வந்தான். போன வருஷத்து அதே டப்பா.

"சுத்துற எதுவா இருந்தாலும் எண்ணெய்தான். இந்த ஊர் டிராக்டரெல்லாம் என்ன பவுடர் பூசிக்கிட்டா ஓடுது?"

"போன வருஷம் நின்ன வண்டிக்கும் எண்ணெய்தானே போட்ட?"

"அது மரம் சரியில்ல."

மூன்று நாளாகப் படித்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். டிராக்டரில் எண்ணெய் மூடின இடத்துக்குள் இருக்கிறது. இங்கே எல்லாம் திறந்து கிடக்கிறது. எண்ணெய் மரத்தில் ஊறும், தூசியையும் கார்ப்பெட் பஞ்சையும் இழுத்துக் களிம்பாகும். ஐந்து அவுன்ஸ் வண்டிக்கு அந்தக் களிம்பில் உருளத் தெம்பு ஏது? உலர்ந்த கிராஃபைட் தூள்தான் வேண்டும். பென்சில் முனையில் இருக்கிறதே, அது. சீட்டுக்கட்டு மாதிரி ஏடு ஏடாக வழுக்கிக்கொடுக்கும்.

"சமூகவியல் படிச்சவ எனக்கு உராய்வு சொல்லித் தர்றா," என்று பூனையிடம் சொன்னான்.

ஹேட்டி தலை நிமிராமல், "அப்பா, எண்ணெய் கூடாதுன்னு விதியிலயே போட்டிருக்கு," என்றாள்.

டப்பா கராஜுக்குத் திரும்பிப் போனது. கூடவே கர்ட்டும்.

ஜனவரி 18, சனி

ஆணிகளில் இருந்த பிசிறை ஹேட்டி உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாள். முதலில் தூள் இல்லாமல் ஒரு சக்கரத்தைச் சுண்டிவிட்டோம். ஆறு விநாடியில் நின்றது. பிறகு தூள் போட்டு ஐம்பது சுற்று, மறுபடி தூள், மறுபடி ஐம்பது. இப்படி எத்தனை முறை என்று எண்ணிக்கை விட்டுப்போனது. கடைசியில் சுண்டியபோது இருபத்தேழு விநாடி. கர்ட் கராஜ் வாசலில் நின்று பார்த்தான். கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான்.

"எதுக்கு இத்தனை தடவை சுத்தணும்?" என்று ஹேட்டி கேட்டாள்.

"லாயிட் குடுத்த தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு."

படித்த அம்மாவின் பதில்.

ஜனவரி 20, திங்கள்

அவள் மூக்குத் துவாரம் கறுப்பு. மருத்துவமனை நர்ஸுக்குப் போன் செய்தேன். "பென்சில் கடிக்கிற பிள்ளைங்களை தினமும் பார்க்கிறோம்மா. மூக்கைத் துடைச்சு விடுங்க," என்றாள். போன வாரமும் அவளிடம்தான் பேசினேன் என்பதைப் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை.

ஜனவரி 30, வியாழன்

வண்டிக்கு நீலப் பெயின்ட், "இடி" என்று பெயர். இரவு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். காலையில் தலையணை உறை கறுப்பு, கன்னம் கறுப்பு, பூனை வால் கறுப்பு.

அவள் பள்ளிக்கூடம் போனதும் ஆணிகளை உருவி, சக்கரங்களைக் கழற்றி, வண்டியைக் கழுவினேன். பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல்துலக்கி. சக்கரத்துத் துளைகூட வெள்ளை வெளேர் என்று வந்துவிட்டது. முடி உலர்த்தியால் காயவைத்து, மேலாக ஒரு சிட்டிகை தூள் ஊதிவிட்டேன். ஒரு வேலை உருப்படியாக முடிந்தது.

ஜனவரி 31, வெள்ளி

ஐயோ. நான் என்ன செய்துவிட்டேன்.

இன்று எடை போடும் நாள். 4.9 அவுன்ஸ், ஐந்துக்குள்தான், தேறியது. வண்டிகளை எல்லாம் அலமாரியில் வைத்து லாயிட் பூட்டினார். நாளை பந்தயம் வரை யாரும் தொடக்கூடாது. பூட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் பேசினார்:

"ஏன் அத்தனை தடவை சுத்தச் சொன்னேன்? தூள் சும்மா ஒட்டிக்கிட்டு இருந்தா பத்தாது. தேயத் தேய ஆணியிலயும் துளையிலயும் கறுப்பா ஒரு பளபளப்பு ஏறும். அப்புறம் பிளாஸ்டிக் இரும்புல உரசாது, கிராஃபைட்டு மேல கிராஃபைட்டு வழுக்கும். அந்தப் பளபளப்புதான் உங்க வண்டி. மத்ததெல்லாம் பெயின்ட்டு."

லாயிட்டை ஓரமாகக் கூப்பிட்டு, ஒரே நிமிஷம் திறக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஜோலீன், என் பேரன் வண்டியும் உள்ளதான் இருக்கு. அவன் அழுதான். திறக்கல."

திரும்பும் வழியெல்லாம் கர்ட் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். இவனிடம் எப்படிச் சொல்வேன்? எண்ணெய் எண்ணெய் என்று மூன்று வாரம் குத்திக்காட்டிவிட்டு, நான் சோப்பு போட்டேன் என்றா? சொல்லாமல் இருந்தால்? நின்றுபோனால் "மரம் சரியில்ல" என்று நானும் சொல்லிக்கொள்ளலாம்.

— ச்சே.

பிப்ரவரி 1, சனி

கடைசி நிமிஷம் வரை வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் சின்னமன் ரோல் இனிப்பு ரொட்டியும் தட்டில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். லாயிட் சாவியை எடுத்தார். என் கை தானாக மேலே போனது.

"நான் ஹேட்டி வண்டியைக் கழுவிட்டேன்."

"துடைச்சீங்களா?"

"கழுவினேன். சக்கரத்தை."

"எதால?"

"பாத்திரம் கழுவுற சோப்பால. எலுமிச்சை வாசனை."

பின்வரிசையில் ஒருவருக்குச் சில்லி புரையேறியது. கர்ட் தன் சின்னமன் ரோலையே உற்றுப் பார்த்தான். தோள் மட்டும் குலுங்கியது. ஹேட்டி என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை.

லாயிட் தாடையைத் தடவினார். "ஓடுறவங்க பதினோரு பேரும் சரின்னா, மறுபடி தூள் போட்டுச் சுத்த பத்து நிமிஷம் தரலாம். ஒருத்தர் கை இறங்கினாலும் இல்ல."

ஹேட்டியோடு சேர்த்துப் பத்துக் கைகள் ஏறின. ஏறாதது வியாட்டின் கை. போன வருஷம் ஜெயித்தவன், பத்து வயது, பெரிய மனுஷ முகம்.

"பத்து நிமிஷம் பத்தாது," என்றான்.

"அதனால?"

"நாலு சக்கரம் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டா முடியும். முன்னாடி சக்கரம் ஒண்ணு எனக்கு." தன் சொந்தத் தூள் குழாயைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். பிறகுதான் கையைத் தூக்கினான்.

நான்கு பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து சுற்றினார்கள், மற்றவர்கள் சத்தமாக எண்ணினார்கள். என்னைக் கிட்டவே விடவில்லை. "ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் தள்ளியே நில்லுங்க," என்று ஒரு பொடிசு கையை விரித்து மறித்தது.

இடி மூன்று முறை ஓடியது. மூன்று முறையும் தானாகவே கோட்டைத் தாண்டியது. பதினொன்றில் ஏழாவது. ஹாலில் யாரும் "அச்சோ" சொல்லவில்லை.

காரில் ஏறினதும் ஹேட்டி முதல் வார்த்தை பேசினாள். "வியாட் எந்தத் தூள் வாங்குறான்னு கேட்டுக்கிட்டேன். அடுத்த வருஷம் அவனை ஜெயிக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, எலுமிச்சையா?" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தண்டவாளத்துக்கிட்ட சரக்கு ரயிலுக்காக நின்றோம். கர்ட் முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அது மரம் இல்ல. எண்ணெய்தான்."

"தெரியும்," என்று பின் சீட்டிலிருந்து பதில் வந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

தலையணை உறை மறுபடி கறுப்பு. கன்னம், பூனை, அவள் போர்வையில் ஒரு முழுக் கை அச்சு.

இன்று துணி துவைக்கும் நாள். அவள் கட்டிலை மட்டும் தொடவில்லை.