தண்ணீர் தெளிக்கப் போன தீயணைப்பு வண்டி

என் அருமை அத்தானுக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நல்ல சேதி சொல்லலாம் என்று பார்க்கிறேன், ஒன்றும் அமையவில்லை. இன்றைக்கு வயிற்றெரிச்சல் தாங்காமல் எழுதுகிறேன்.

புனே தீயணைப்புத் துறைக்கே தலைமை அதிகாரியாக இருந்தீர்கள். ஆனால் உங்கள் அறைப் பலகையில் ‘பொறுப்பு’ என்ற சொல் கடைசி வரை அழியவில்லை. அடுத்த மாதம் நிரந்தரமாகிவிடும் என்று அக்கா தீபாவளிக்குத் தீபாவளி சொல்வாள். எங்கே ஆனது? மந்திரி வீட்டு வாசலில் காத்துக் கிடக்க உங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த நாற்காலியில் யார் தெரியுமா? பூங்காத் துறையிலிருந்து வந்த ஒரு சாஹேப். பெரிய கட்சிக்காரர் ஒருவருக்கு மச்சினராம். வந்த வாரமே விஷ்ராந்த்வாடியில் எங்கள் ஸ்டேஷன் வாசலில் வரிசையாகப் பூந்தொட்டி வைக்கச் சொன்னார். வண்டி வெளியே போகணுமே சார் என்றால், பார்க்க அழகாக இருக்கணும் என்கிறார். நாங்களே தூக்கி ஓரமாக வைத்துக்கொள்கிறோம்.

அதையாவது சிரித்துவிட்டு விடலாம். உறியடி நாளில் நடந்ததைக் கேளுங்கள்.

உங்கள் மகள் நித்யாதான் இப்போது இந்த ஸ்டேஷன் அதிகாரி. வீட்டில் நான் அவளுக்கு மாமா, இங்கே அவள் எனக்கு மேடம், நான் வண்டி டிரைவர். அன்று சாஹேப் நேரிலேயே வந்து நின்றார். தன் கட்சிக்கார மச்சான் நடத்தும் உறியடியில் ஆடுகிற கூட்டத்தின் மேல் தண்ணீர் அடிக்க வண்டி வேண்டுமாம். இருப்பதே ஒரு வண்டி, உத்தரவை எழுதிக் கொடுங்கள் என்றாள் நித்யா. அவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “காடி நிகாலோ” என்றார். வண்டியை எடு என்று.

நான் அசையவில்லை. அவருக்குப் புரியாதபடி நித்யா தமிழில் சொன்னாள்: “மாமா, போங்க. ரிட்டயர் ஆகுற நேரத்துல உங்களுக்கு எதுக்கு வம்பு?”

போனேன். பாட்டும் கூச்சலுமாக இருந்த கூட்டத்தின் நடுவே நிற்கும்போது வயர்லெஸ்ஸில் அழைப்பு வந்தது. மெத்தைக் கடையில் தீ, மாடியில் ஒரு குடும்பம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தொட்டியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. அக்கம்பக்கத்தார் ஏணி வைத்து எல்லோரையும் இறக்கியிருந்தார்கள். உயிர் போகவில்லை, ஆனால் அந்த வீட்டு அம்மாவுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. இப்போதான் வர்றீங்களா என்று கேட்டாள்.

மறுநாளே சாஹேப் கையை விரித்துவிட்டார். வண்டியை அனுப்பியது நித்யாவாம். அவளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கூட இருந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறதே. நாளைக்கு விசாரணை, சாட்சி நான். சாஹேபின் ஆள் தாபோடியில் என் வீட்டுக்கே வந்து, மேடம் சொல்லித்தான் எடுத்தேன் என்று சொல்லு, பென்ஷன் சிக்கலில்லாமல் வரும் என்றான். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

அவனைவிட உங்கள் மகள் மேல்தான் எனக்கு ஆத்திரம். “ஞாபகம் இல்லேன்னு சொல்லிடுங்க மாமா. ஹிஞ்சேவாடியில ஒரு கம்பெனி கூப்பிடறாங்க, நான் அங்க போயிடறேன்” என்கிறாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! இவளும் போய்விட்டால் நெருப்பு தெரிந்தவர் யார் மிச்சம்? அடுத்து வருகிறவரும் ஒரு மச்சினர்தானா?

மாமன்காரன் வேறு எப்படிச் சொல்வான் என்று நாளைக்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பென்ஷனை நிறுத்தினால் நிறுத்தட்டும். யார் வந்து நின்றார், என்ன சொன்னார், அவள் என்ன கேட்டாள், எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவேன். உங்கள் மேல் ஆணை.

உங்கள் பெண்ணுக்குத் தாய்மாமன்,
அவள் வண்டிக்கு டிரைவர்,
முருகேசன்