எக்ஸ்ரே மாமாவும் உன் அப்பாவும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்பாய். போன் அடித்தால் அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான். இப்போது பல்பு வாங்கப் போயிருக்கிறார். முன்பெல்லாம் பல்பு வாங்கப் போனால் கடையில் இருக்கிற அத்தனை பேரிடமும் நம் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வருவார், இப்போது போன சுருக்கில் திரும்பிவிடுகிறார், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நேற்று அலமாரியை ஒழித்தபோது அந்தப் பச்சைப் பெட்டி அகப்பட்டது. உனக்கு எட்டு வயது, ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் பழுப்பு உறையிலிருந்து தன் நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இங்கேதான் நீர் கோத்திருந்தது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ அதை வாங்கி அதன் வழியாக வயல்களைப் பார்த்தாய். இறங்கியதும் "எக்ஸ்ரே மாமா" என்றாய். அப்பா சிரித்த சிரிப்பில் அந்தப் பச்சைப் பெட்டியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு உள்ளதையெல்லாம் ஊருக்குக் கொட்டுகிறவர்களுக்குப் பேர் வைப்பதே நமக்கு வேலையாகிப் போனது. காலையில் படிக்கட்டில் நின்று தன் மலச்சிக்கலை அறிவிக்கும் தையல்காரர் "வயிற்று வானொலி", அது அப்பா வைத்தது. புருஷன் சண்டையை வருவோர் போவோரிடம் விரித்துப் போட்ட எதிர்வீட்டுக்காரி "முன்கொடி", உள்பாவாடையை வாசல் கொடியில் காயப் போடுகிறவள் என்று நான் வைத்தது. பத்திரிகை வேலையில் எனக்குப் படியளந்ததே இப்படிப்பட்டவர்கள்தான், இருந்தாலும் சிரித்தேன். உன் டான்சில் கதையைப் பஸ் கண்டக்டரிடம் சொன்ன அப்பா, அப்போ எனக்கு என்ன பேர் என்று கேட்டதற்கு, "உங்களுக்குக் கிடையாது. நீங்க நம்ம ஆளுப்பா" என்று நீதான் சட்டம் போட்டாய்.

உன் வேலை போன சேதியை அவர் வெளியில் விட்டது தப்புதான், நான் வக்காலத்து வாங்கவில்லை. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நீ சொன்ன மறுநாளே சலூன்காரரிடம் சொல்லிவிட்டார். அதே நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தது உன் சித்தப்பா. அவர் உன் மாமனாருக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரிக்கிற குரலில் விசாரித்தும்விட்டார். வேறு வேலை கிடைத்த பிறகு நீயே பக்குவமாகச் சொல்ல இருந்தாய், எவ்வளவு தலைகுனிவாக இருந்திருக்கும் என்று தெரியும். இனி அவரிடம் எதுவும் சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. "அப்பாகிட்ட குடும்மா" என்பதையும் அன்றோடு விட்டுவிட்டாய்.

போன வெள்ளிக்கிழமை அந்தச் சலூன்காரர் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார். "சாருக்கு உடம்புக்கு என்னம்மா? முடி வெட்டி முடியறவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. தம்பிக்கு வேலை கிடைச்சுதான்னு கேட்டேன், கண்ணாடியையே பார்த்துட்டு இருந்தார். எனக்குப் பயமாப் போச்சு" என்றார். பல்வலி என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே திரும்பினால் அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறார், பக்கம் புரளவேயில்லை.

அவரிடம் ரகசியம் சொல் என்று நான் கேட்கவில்லை, சொல்லாதே, அவர் வாய் அவர் வாய்தான். ஊருக்கே தெரிந்தாலும் கெடுதல் இல்லாததாகப் பார்த்துச் சொல், புதுச் செருப்பு கடிக்கிறது, பக்கத்து வீட்டு நாய் துரத்துகிறது என்று ஏதாவது. அதைக் கொண்டுபோய் அந்தச் சலூன் நாற்காலியில் உட்காரட்டும். திட்ட வேண்டுமென்றால் அவரையே திட்டு, பேர்கூட வைத்துவிடு, வாங்கிக்கொள்வார்.

வேலை வரும், மனதைத் தளர விடாதே. ஈரத் தலையோடு படுக்காதே. இரண்டு பேரும் நூறாண்டு நன்றாக இருங்கள். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னைத் தேடாதே, நான் குளிக்கப் போயிருப்பேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா